கற்றுக்கொண்டே கற்றுக்கொடு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி விடுமுறை வருகிறது, ஓவியத்தில் தேர்ச்சி பெற எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். நன்றாக வரையக் கற்ற பிறகு, என்றாவது ஒரு நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆசை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த நாள் இந்த விடுமுறையிலேயே வரட்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படைப்பது, கற்றுக்கொடுப்பது, பலர் பார்க்க வைப்பது ஆகிய மூன்றையும் மூன்று வயதுகளுக்கு ஒதுக்கி வைக்காதே. இவை சேர்ந்து நடந்த இடங்களில்தான் நம் நாட்டில் கலை வேர்பிடித்தது. அதற்குச் சான்று தேடி நீ தொலைவு போக வேண்டாம். நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

நாடு விடுதலை அடையும் முன்பு நடந்ததைக் கேள். பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர் அப்போதைய மலாயாக் கூட்டரசின் கலைக் கல்விக் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் 1952இல் கோலாலம்பூரில் 'புதன்கிழமை ஓவியக் குழு'வைத் தொடங்கினார். வேறு வேலை பார்த்தவர்களும் ஆசிரியர்களும் வாரம் ஒருமுறை கூடி வரைந்தார்கள். தன் பாணியை அவர் யார்மீதும் திணிக்கவில்லை. அவரவர் கண்ணில் பட்டதை அவரவர் கையால் வரைய விட்டார். அந்தக் குழுவில் வளர்ந்தவர்களில் ஒருவர் பேட்ரிக் இங் கா ஓன். அவர் 1958இல் வரைந்த 'நிலம், நீர், காற்று ஆகியவற்றின் ஆவி' என்னும் ஓவியம் இன்று நாட்டின் கலைச் சேமிப்பில் முதன்மையான ஒன்று. அவரே விக்டோரியா கல்விக்கூடத்தில் ஓவிய ஆசிரியராகவும் இருந்தார். அங்கே படித்த சுல்கிஃப்லி புயோங் என்னும் மாணவர், சிறுவர்கள் விளையாடும் காட்சிகளைப் பேஸ்டல் வண்ணக்கட்டியால் வரைந்து, பதின்ம வயதிலேயே பெயர் பெற்றார். ஒருவர் கற்றார், கற்றதை இன்னொருவருக்குத் தந்தார், அவர் மேலும் ஓர் அடி முன்னே வைத்தார். நம் நாட்டு நவீன ஓவியத்தின் தொடக்கக் கதையில் இதுவும் ஒரு பகுதி. ஜாலான் துன் ரசாக் பக்கம் இருக்கும் தேசியக் கலைக்கூடத்துக்கு விடுமுறையில் ஒருநாள் போய்வா. 1958இல் தொடங்கிய அமைப்பு அது.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். கோலாலம்பூரைக் கட்டச் செங்கல் சுட்ட சூளைகளால் பெயர் பெற்ற இடம் அது. பிறகு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே வேர் விட்டார்கள். அந்தப் பகுதியில், ஜாலான் பெர்ஹாலாவில், 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' இருப்பதை நீ பார்த்திருப்பாய். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தொடங்கியது அந்த நிறுவனம். பரதநாட்டியம், ஒடிசி, கர்நாடக இசை, தபலா என்று பல கலைகளை அங்கே சொல்லித் தருகிறார்கள். நேற்று மாணவராக இருந்தவர் இன்று சிறுவர்களுக்குத் தாளம் போட்டுக் காட்டுகிறார் என்பதே அதன் பலம். அதனுடன் சேர்ந்து வளர்ந்த அன்னலட்சுமி உணவகம், விரும்பியதை உண்டு மனம்போல் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற கொள்கையில் தொடங்கப்பட்டது. கலையையும் சோற்றையும் ஒரே மனத்தோடு பரிமாறலாம் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நாற்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

இப்படிக் கற்றுக்கொடுத்த இன்னொருவர் நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம். மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பாலே பயின்றவர், பிறகு அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றார். கற்றதோடு தன் மேடையைத் தேடிக்கொண்டு போய்விடவில்லை. 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி, எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தார். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் அவருடைய குழு நடனம் கற்றுத்தந்தது. இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கலைக்கு இனக் கணக்குக் கிடையாது என்பதை அவர் பேச்சோடு விடவில்லை. பல ஆண்டு உழைப்பில் காட்டினார்.

'அவர்கள் பெரியவர்கள், நான் என்ன செய்ய முடியும்?' என்று நீ கேட்பாய். உன்னால் முடிந்த ஒன்றைச் சொல்கிறேன்: கோலம். தூரிகையும் வண்ணமும் வாங்கப் பணம் சேர்க்க வேண்டாம்; உன் வீட்டிலேயே அதில் தேர்ந்த கைகள் இருக்கின்றன. பாட்டியிடம் கேள், அம்மாவிடம் கேள். வாசலில் போடுவதுதானே என்று அதைக் குறைவாக எண்ணாதே. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்கள் உருவாகும் ஒழுங்கை ஆராய்ந்து 1974இல் கட்டுரை எழுதினார்கள். கணினி அறிவியலில் அது இன்றும் பேசப்படுகிறது. பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் விரலில் வைத்திருந்த கணக்கு அது.

முதல் வாரம் நீ மட்டும் பழகு. நேர்ப்புள்ளி ஐந்தில் தொடங்கு: ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று வரிசையாக 13 புள்ளிகள். அவற்றைச் சுற்றிச் சிக்குக்கோலம் போட்டுப் பார். கோடு புள்ளிமேல் ஏறக் கூடாது, எந்தப் புள்ளியும் வெளியே தனித்து நிற்கக் கூடாது, தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிய வேண்டும். இந்த மூன்று விதிக்குள் எத்தனை வடிவம் பிறக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வை. பிறகு ஊடுபுள்ளிக்கு, அதாவது ஒரு வரிசையின் புள்ளிகளை அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வைக்கும் முறைக்குப் போ: மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்றால் 19 புள்ளிகள். வடிவமே மாறிவிடுவதை நீயே காண்பாய்.

இரண்டாம் வாரம் மற்றவர்களைக் கூப்பிடு. நம் ஊரில் தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போடுகிறார்கள் அல்லவா? பிள்ளைகளுக்கு அதுவே எளிது. மாவை இழையாக விடப் பல மாதப் பழக்கம் வேண்டும். அரிசியை ஐந்து வயதுப் பிள்ளையும் அள்ளி நிரப்பும். பச்சரிசியில் உணவுக்குப் போடும் வண்ணத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்துப் பிசறு. பழைய நாளிதழ்மேல் பரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு நிறத்துக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வை. தரையில் சாக்பீஸால் கோடு போடு. நிரப்பும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரச் சொல். இல்லாவிட்டால் போட்டதைக் காலே கலைத்துவிடும்.

இடம் பெரிதாக வேண்டாம். உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் போதும். குடியிருப்போர் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள். தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் கூப்பிடாதே. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையும் மேல்மாடிச் சீனப் பிள்ளையும் வரட்டும். அவர்களுக்குத் தெரிந்த கைவேலை ஏதாவது இருந்தால் அதை நீ அவர்களிடம் கற்றுக்கொள்.

சொல்லிக்கொடுக்கும்போது சிலவற்றை நினைவில் வை. பிள்ளையின் கையைப் பிடித்து நீயே போட்டு முடிக்காதே; கோணலாக வந்தாலும் அது அந்தப் பிள்ளையின் கோடு. எந்த நிறம் எங்கே என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். 'நன்றாயிருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லி நகராதே. 'இந்த மூலையில் நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வைத்தாயே, அது எடுப்பாக இருக்கிறது' என்று குறிப்பாகச் சொல். முந்தின நாள் கற்ற பிள்ளை இன்று புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அப்போது உனக்கே ஒன்று விளங்கும்: 'ஏன் இப்படி?' என்று ஒரு சிறு பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தேடும்போதுதான், நீ கை போன போக்கில் செய்துவந்ததன் காரணம் உனக்குத் தெரியவரும். வகுப்பில் உட்கார்ந்து பெறும் அறிவைவிட அது ஆழமாகப் பதியும்.

விடுமுறை முடியும் முன் ஒரு மாலை எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய கோலம் போடுங்கள். சமூக மண்டபமோ, கோயில் மண்டபமோ, பள்ளியோ இடம் தந்தால் அங்கே போடலாம். பக்கத்தில் ஓர் அட்டையில் உழைத்த பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் எழுது. உன் பெயரைக் கடைசியில் எழுது. பெற்றோர்களைக் கூப்பிடு. தன் பிள்ளையின் கைவேலை முன்னால் பலர் நிற்பதைப் பார்க்கும் தாய், அடுத்த முறை ஓவியத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ளமாட்டாள்.

இடையில் ஒருநாள் கிள்ளானுக்குப் போய்வா. ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கட்டுபவர்களின் விரல்களை நின்று பார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை பூவுக்கு ஒரு முடிச்சு என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். அவர்களும் உனக்கு ஆசிரியர்கள்தாம். கூட்டமில்லாத நேரம் பார்த்து, பணிவாகக் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

ஓவிய வகுப்பில் சேராதே என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் சேர். அடிப்படைப் பயிற்சிக்கு மாற்று இல்லை. ஆனால் வகுப்பில் திங்கட்கிழமை கற்றதைச் சனிக்கிழமை கீழ்த்தளத்தில் யாருக்காவது சொல்லிக்கொடு. பெரிய மேடையும் பரிசும் வரும்வரை காத்திருக்கும் கை, காத்திருந்தே இறுகிவிடும்.

நாளைக்கே அரைக் கிலோ பச்சரிசி வாங்கு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. விடுமுறை முடிந்ததும் எத்தனை கோலம் போட்டாய் என்று எழுத வேண்டாம். உன்னிடம் கற்ற பிள்ளைகளில் யார் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா