எடை குறையாமல் இடை குறைவது

உடற்பயிற்சி தொடங்கிய சில வாரங்களில், எடைக்கருவியின் முள் நின்ற இடத்திலேயே நிற்க, இறுக்கமாக இருந்த ரவிக்கையின் கொக்கி எளிதாகப் பூட்டிக்கொள்வதும் பெல்ட் ஒரு துளை உள்ளே நகர்வதும் நிகழக்கூடும். இது கருவியின் பிழையன்று. ஒரு லிட்டர் கொழுப்பு ஏறத்தாழ 900 கிராமும், அதே கனஅளவுள்ள தசை ஏறத்தாழ 1,060 கிராமும் இருப்பதால், கொழுப்பு கரைந்து தசை கூடும்போது எடை மாறாமலேயே உடலின் சுற்றளவு சுருங்குகிறது. மேலும், தசைகள் கிளைக்கோஜன் எனப்படும் மாவுப்பொருளைச் சேமிக்கையில் அதனுடன் நீரும் தங்குவதால், தொடக்கத்தில் எடை சற்றுக் கூடுவதும் உண்டு. அதைக் கண்டு மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுவது மிகவும் வருந்தத்தக்கது.

எனவே எடையோடு இடைச்சுற்றளவையும் அளந்துவர வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியிட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, தையற்காரரின் இஞ்சு டேப்பைத் தோலில் அழுத்தாமல் கிடைமட்டமாகச் சுற்றி, இருமுறை அளந்து தேதியுடன் குறித்துக்கொள்வது நன்று. வயிற்றை உள்ளிழுத்து எடுக்கும் அளவு பயன்படாது. இந்தியருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது வரம்பாகக் கொள்ளப்படுகிறது. நாள்தோறும் அளக்கத் தேவையில்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை போதும்.