பேட்டரி செத்தால் பேட்டரிதான் குற்றவாளியா?



எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் சொந்தம்தான், ஆனால் பழசு. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி, நல்ல மழை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. அப்பா ஓடிப்போய் சாவியைத் திருகினார். 'டக்... டக்...' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. தெருவே சேர்ந்து சேற்றில் தள்ளிய பிறகுதான் வண்டி கிளம்பியது. கடவுள் புண்ணியம், அக்காவும் பாப்பாவும் நலம்.

ஆனால் அப்பா அன்று தூங்கவே இல்லை. காரணம், அந்த பேட்டரி வாங்கி 20 நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கிய பேட்டரி அது!

தீபாவளிக்கு எங்க மாமா வந்தார். அவர் ஆட்டோ எலக்ட்ரீசியன். அப்பா நடந்ததைச் சொல்லி, "இந்த பேட்டரியும் டூப்ளிகேட் போலிருக்கு மாப்ள" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "அத்தான், பேட்டரிய அப்புறம் திட்டலாம். அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். அன்று நான் கற்றதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பாடம்

காரின் பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதை நிரப்பும் மோட்டார்தான் ஆல்டர்நேட்டர். (நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதை இன்னும் 'டைனமோ' என்றே சொல்கிறார்கள்.) இன்ஜின் சுற்றும்போது பெல்ட் இதையும் சுற்றுகிறது. உள்ளே காந்தம் சுழல, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுவே. இங்கே பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை. அதை மாற்றிக் கொடுப்பவை டயோடுகள். அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர்.

பேட்டரிக்குள் 6 செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆக மொத்தம் 12.6 வோல்ட்.

சோதிக்கும் முறை

இதற்குத் தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டர்தான். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைக்கவும்.

1) கண்ணால் பார்: டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? பெல்ட் தளர்ந்திருக்கிறதா? சாவியைப் போட்டதும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்.

2) இன்ஜின் ஆஃப்: வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபிறகு அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. எங்கள் வண்டியில் 12.1 காட்டியது.

3) ஸ்டார்ட் செய்யும்போது: நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். சார்ஜ் இல்லாத பேட்டரியை இப்படிச் சோதித்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

4) இன்ஜின் ஓடும்போது: 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றிப்போகும். (சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதில் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் உடனே பதற வேண்டாம்.)

5) சுமை ஏற்றிப் பார்: ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டு லேசாக ரேஸ் கொடுக்கவும். அப்போதும் 13-க்கு மேல் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் 12.5-தான்!

"அப்ப டைனமோதான் போச்சு" என்றார் அப்பா. அவர் முகம் வாடிவிட்டது. அதற்கு எதை அடகு வைப்பது?

"இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு" என்று மாமா மீட்டரை ஆல்டர்நேட்டரிலேயே வைத்தார். அங்கே 14.2 வோல்ட்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. புறப்படும்போது 14.2, வந்து சேரும்போது 12.5. மீதி 1.7 வழியில் எங்கே போச்சு?

6) வழியைச் சோதி: மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பெரிய போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தார். 1.6 வோல்ட். எர்த் பக்கம் வெறும் 0.1. நல்ல வண்டியில் ஒவ்வொரு பக்கமும் 0.2 அளவுக்குள்தான் இருக்க வேண்டும். வயரைப் பிரித்துப் பார்த்தால், அதன் லக் பச்சை பூத்து, ரப்பர் உறை உருகிக் கிடந்தது!

மாமா என்னைப் பார்த்து, "20 ஆம்பியர் போகுதுன்னு வச்சுக்கோ. தடை எவ்வளவுடா?" என்றார். ஓம் விதி! 1.6 ÷ 20 = 0.08 ஓம். எவ்வளவு சின்னத் தடை! ஆனால் 1.6 × 20 = 32 வாட் வெப்பம் அந்தச் சின்ன லக்கிலேயே வீணாகியிருக்கிறது. உறை உருகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் புது பேட்டரி போட்டதும் வண்டி ஜோராக ஸ்டார்ட் ஆனது ஏன்? செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் வேறு, சார்ஜ் வரும் வயர் வேறு. கடையில் நிரப்பிக் கொடுத்த சார்ஜை வைத்தே 20 நாள் ஓட்டியிருக்கிறோம். மழைக்கால ராத்திரி, லைட்டும் வைப்பரும் மிச்சத்தையும் குடித்துவிட்டன.

மாமா வயர் நுனியை வெட்டிப் புது லக் அடித்தார். டீ, வடைக்கு ஆகும் காசுதான். இப்போது எல்லா லைட்டும் போட்டு 14.0 காட்டுகிறது. பேட்டரியைக் கடையில் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டதும் சரியாகிவிட்டது.

கவனம்!

* இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். திடீரென்று வோல்டேஜ் எகிறி டயோடும் கம்ப்யூட்டரும் போய்விடும்.
* பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.
* கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.
* மூடி உள்ள பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர் கூடாது.
* ஓடும் பெல்ட் பக்கம் தாவணி, துண்டு, கை எதுவும் போகக்கூடாது.

கடைசியாக ஒன்று. அப்பா மாமாவிடம், "அப்ப பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்துருக்குமோ?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. அதைத்தான் எடைக்குப் போட்டுவிட்டோமே. ஓம் விதிக்கு நான் பத்தாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவன். அது எங்கள் பானட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, முதலில் அளப்போம். பிறகு மாற்றுவோம்!

யோசித்துச் சொல்லுங்கள்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் 12.2, ஆல்டர்நேட்டரிலும் 12.2 என்றால், குற்றவாளி யார்? விடையைத் துண்டுத் தாளில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே செருகவும்.

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு