தென்னையின் வறட்சித் தாங்குதிறனும் மரபணுக்களும்

நெல்லும் சோளமும் மழை பொய்த்த ஆண்டிலேயே தம் இழப்பைக் காட்டிவிடும். தென்னை அவ்வாறன்று. பாளையின் கரு தோன்றியது முதல் காய் முற்றும் வரை ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. ஆகவே ஒரு கோடையின் வறட்சி அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளின் மகசூலையும் பாதிக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் காய்ப்புக் குறையக் கண்டு உழவர் உரத்தையோ பூச்சியையோ குறை கூறுவதுண்டு. ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும் நம்மைப் போன்ற அலுவலர்களுக்கும் இவ்விழப்பு எளிதில் புலப்படுவதில்லை.

மண்ணில் ஈரம் குறைந்ததும் மரத்தினுள் நிகழ்வது யாது? அப்சிசிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோன் பெருகுகிறது, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. இதனால் நீர் மிச்சமாகிறது. ஆனால் கரியமில வாயுவும் உட்புக முடிவதில்லை. பயன்படாத ஒளியாற்றல் தீங்கு செய்யும் ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவித்து உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கிறது. இந்நிலையில் டிரெப், நாக் முதலிய குடும்பங்களைச் சேர்ந்த கட்டுப்பாட்டு மரபணுக்கள் விழிப்படைகின்றன. அவற்றின் ஏவலால், உயிரணுவைக் காக்கும் டிஹைட்ரின் புரதங்களும், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற நொதிகளும் மிகுதியாக உருவாகின்றன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மரபணுக்கள் பெரும்பாலும் எல்லா இரகங்களிலும் உள்ளவையே. அவை எவ்வளவு விரைவில், எந்த அளவில் செயற்படுகின்றன என்பதிலேயே வேறுபாடு பெரிதும் அடங்கியுள்ளது.

நெட்டை இரகங்கள் பொதுவாகக் குட்டை இரகங்களைவிட வறட்சியைத் தாங்குகின்றன. இலை மீதுள்ள மெழுகுப் படலமும் இதற்கு ஒரு காரணம். இலட்சத்தீவு நெட்டையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சந்திரகல்பா, காசர்கோடு மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தால் 1985-இல் வெளியிடப்பட்டது. வறட்சி தாங்குவதே அதன் சிறப்பு.

தென்னையின் முழு மரபணுத் தொகுதி வரைவு 2017-இல் வெளியாயிற்று. இதனால் நாற்றிலேயே நல்ல மரபை அடையாளம் காணும் வாய்ப்பு நெருங்கியுள்ளது. நெட்டை மரம் காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும் நிலையில் இது சிறிய ஆதாயமன்று. எனினும் வறட்சித் தாங்குதிறன் ஒரே மரபணுவின் வேலையன்று. பல மரபணுக்கள் கூடி இயங்குவதால் விரைந்த பலனை எதிர்பார்ப்பது தவறு. மேலும் நெட்டை மரம் அயல் மகரந்தச் சேர்க்கையால் இனம் பெருக்குவது. ஒரே தோட்டத்து நாற்றுகளும் ஒன்றுபோல் இரா.

அரை ஏக்கர் நிலமுடைய சிறு விவசாயி ஒருமுறை நடும் கன்று, ஐம்பது அறுபது ஆண்டுகள் அவர் குடும்பத்துடன் நிற்கும். ஆய்வுக்கூடத்துச் சோதனை நாற்றங்காலுக்கு வந்து சேரும்வரை, கடுங்கோடைகளிலும் காய்ப்புக் குறையாத தாய்மரத்தின் நெற்றைத் தேர்வதும், பாத்தியில் உரிமட்டையைப் புதைத்து ஈரம் காப்பதுமே அவர் கையில் உள்ள வழிகள்.