இண்டியானா ஜோன்ஸ் திரைப்படங்கள் – ஓர் ஆய்வு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

கதை கேட்கும் ஆசை மனிதனோடு கூடப் பிறந்தது. திண்ணையில் பாட்டி சொல்லக் கேட்ட கதைகளை இன்று வெள்ளித்திரையில் காண்கிறோம். அவற்றுள் வீரச்செயல் கதைகளுக்குத் தனியோர் இடம் உண்டு. அடர்ந்த கானகம், பாழடைந்த கோயில், மறைந்து கிடக்கும் புதையல், நூலிழையில் உயிர் தப்பும் வீரன் என்றால் எந்த நாட்டுக் குழந்தையும் கண் கொட்டாமல் உட்கார்ந்துவிடும் அல்லவா?

இவ்வகைப் படங்களுள் உலகப் புகழ் பெற்றவை இண்டியானா ஜோன்ஸ் படங்கள். இவை மொத்தம் ஐந்து. ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ 1981-லும், ‘டெம்பிள் ஆஃப் டூம்’ 1984-லும், ‘லாஸ்ட் குருசேட்’ 1989-லும், ‘கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்’ 2008-லும், ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ 2023-லும் வெளிவந்தன. நாற்பத்திரண்டு ஆண்டுக்கால இடைவெளியில் ஒரே நடிகர் ஒரே பாத்திரமாக நடித்தார் என்பது எளிய செய்தியன்று. சென்ற கோடை விடுமுறையில் இவ்வைந்தையும் வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவற்றைப் பற்றிப் படித்து அறிந்தவற்றையும், என் மனத்தில் எழுந்த எண்ணங்களையும் தோழியர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரின் தோற்றம்

1977-ஆம் ஆண்டு மே மாதம். ஜார்ஜ் லூகாஸ் என்னும் அமெரிக்க இயக்குநர் தம் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் தோற்றுவிடுமோ என்று அஞ்சி, ஹவாய்த் தீவுக்கு ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். அங்கே அவருடன் இருந்தவர் நண்பர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றை இயக்க வேண்டும் என்று தமக்கு ஆவல் இருப்பதாக ஸ்பீல்பெர்க் கூறினார். அதைவிடச் சிறந்த கதை தம்மிடம் உண்டு என்றார் லூகாஸ். தொல்பொருள் ஆராய்ச்சிப் பேராசிரியர் ஒருவர் உலகெங்கும் அலைந்து அரும்பொருள்களைத் தேடும் கதை அது.

இந்த எண்ணம் வெறும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1930, 1940-களில் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஒரு பகுதியாகத் தொடர்படங்கள் காட்டப்பட்டன. ஒவ்வொரு பகுதியும் கதாநாயகன் பெரும் ஆபத்தில் சிக்கிய இடத்தில் நின்றுவிடும். அவன் பிழைத்தானா என்று அறியச் சிறுவர்கள் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்! நம் வார இதழ்த் தொடர்கதைகளின் ‘தொடரும்’ என்ற சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பழைய தொடர்படங்களின் அந்த விறுவிறுப்பைப் புதிய தொழில்நுட்பத்தோடு மீண்டும் கொண்டுவருவதே நண்பர் இருவரின் கனவு.

பெயரின் வரலாறு சுவையானது. இண்டியானா என்பது லூகாஸ் வளர்த்த நாயின் பெயர்! முதலில் ‘இண்டியானா ஸ்மித்’ என்றே வைத்தனர். ஸ்பீல்பெர்க்குக்கு அது பிடிக்காமையால் ‘ஜோன்ஸ்’ ஆயிற்று. கதாநாயகனாக நடிக்க முதலில் டாம் செலக் என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு அவர் ஒப்பந்தம் ஆகியிருந்ததால், வாய்ப்பு ஹாரிசன் ஃபோர்டுக்குச் சென்றது. நடிப்பில் போதிய வருவாய் இல்லாத நாள்களில் தச்சுத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர் அவர்.

திரைக்குப் பின்னால்

நாம் வியந்து பார்க்கும் காட்சிகளுக்குப் பின்னால் எத்தனை பேரின் அறிவும் உழைப்பும் உள்ளன! முதற்படத்தில் கதாநாயகனைத் துரத்தி உருண்டுவரும் பெரும்பாறை உண்மைப் பாறையன்று; கண்ணாடியிழை முதலியவற்றால் செய்யப்பட்டது. அதன் பேரொலியோ, சரளைக் கற்கள் மீது ஒரு சிறிய மோட்டார் காரை உருளவிட்டுப் பதிவு செய்தது. ஒலியமைப்பாளர் பென் பர்ட், பாம்புகள் நெளியும் ஓசைக்காகப் பாலாடைக்கட்டி சேர்த்துச் சமைத்த உணவுக்குள் விரல்களை விட்டுப் பிசைந்தாராம். பேழையின் கனத்த மூடி திறக்கும் ஓசை, கழிப்பறை நீர்த்தொட்டியின் மூடியை நகர்த்தியதால் கிடைத்தது.

பாம்புக் குழிக்குள் கதாநாயகன் நல்லபாம்பை நேருக்கு நேர் காணும் காட்சி ஒன்று உண்டு. இருவருக்கும் இடையே கண்ணாடித் தகடு வைத்தே அதனை எடுத்தனர். இறுதியில், எண்ணற்ற பெட்டிகள் அடுக்கிய பெருங்கிடங்கைக் காண்கிறோம். அக்கிடங்கின் பெரும்பகுதி ஓவியர் மைக்கேல் பங்ராசியோ கண்ணாடியில் தீட்டிய ஓவியம்! கணிப்பொறியின் துணையின்றிக் கைத்திறத்தாலேயே இவற்றைச் சாதித்தனர்.

ஐந்து படங்களுக்கும் இசையமைத்தவர் ஜான் வில்லியம்ஸ். முதற்படத்துக்காக அவர் இரண்டு மெட்டுகளை இசைத்துக் காட்டியபோது, இரண்டையும் சேர்த்துவிடும்படி ஸ்பீல்பெர்க் கேட்டுக்கொண்டார். அந்த இணைப்பே இன்று உலகம் அறிந்த அணிநடை இசையாயிற்று. ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் உருவான முதற்படம், 1981-இல் வெளியான படங்களிலேயே மிக அதிக வசூலைப் பெற்றது. கலை இயக்கம், ஒலி, படத்தொகுப்பு, காட்சித் தந்திரம் ஆகிய துறைகளில் ஆஸ்கார் விருதுகளையும் வென்றது.

உண்மையும் கற்பனையும்

முதற்படத்தில் தேடப்படும் பொருள் நமக்கு அந்நியமானதன்று. பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பேழையே அது. இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் ஒன்றரை முழ உயரமும் கொண்டு, உள்ளும் புறமும் பசும்பொன்னால் வேயப்பட்டதென்று விவிலியத்தில் விடுதலைப் பயண நூல் அதனை விவரிக்கிறது. பாபிலோனியர் எருசலேமை அழித்த பின்னர் அப்பேழை என்னவாயிற்று என்பதற்கு வரலாற்றில் விடையில்லை. எகிப்தின் தானிஸ் நகரில் அது புதையுண்டிருந்ததாகக் காட்டுவது படத்தின் கற்பனை. ஆனால் தானிஸ் உண்மையான நகரம். 1939 முதல் பியர் மோந்தே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அங்கே எகிப்திய மன்னர்களின் கல்லறைகளைக் கண்டுபிடித்தார்.

மூன்றாம் படத்தில் தேடப்படுவது, இயேசு இறுதி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம். ஸ்பெயின் நாட்டு வலென்சியா பேராலயத்தில் அக்கிண்ணமாகப் போற்றப்படும் பாத்திரம் ஒன்று உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982-இலும், பதினாறாம் பெனடிக்ட் 2006-இலும் அங்கே திருப்பலியில் அதனைப் பயன்படுத்தினர். படத்தில் கிண்ணம் இருக்கும் கோயிலாகத் தோன்றும் செந்நிறப் பாறை முகப்பு, ஜோர்தான் நாட்டின் பெட்ரா நகரில் உள்ளது. படத்தில் உள்ளே பல பொறிகள்; உண்மையில் உள்ளே இருப்பது ஓர் எளிய வெற்றறையே!

நான்காம் படத்தின் படிகக் கபாலம் பண்டைக்காலத்தது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட பொருள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கபாலத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, சுழலும் சக்கரக் கருவி கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போலி என்று புலப்பட்டது. ஐந்தாம் படத்தின் கருவிக்கு அடிப்படையோ மெய்யான அற்புதம். கிரேக்க நாட்டு அன்டிகிதேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்ட பல்சக்கரக் கருவி, கதிரவனும் நிலவும் செல்லும் நிலைகளைக் கணக்கிட உதவியது. அது இன்று ஏதென்சு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டைக் காட்டிய விதம்

புகழ்ச்சி மட்டுமே ஆய்வாகாது. இரண்டாம் படம் 1935-ஆம் ஆண்டு இந்தியாவில் நடப்பதாக அமைந்தது. கதையைப் படித்த இந்திய அரசு அதில் மாற்றங்கள் கோரியது. படக்குழுவினர் உடன்படாமல், 1983-இல் இலங்கையின் கண்டிக்கு அருகே படம் பிடித்தனர். அந்தத் தொங்குபாலமும் அங்கே கட்டப்பட்டதே. அதனால், இந்தியக் கிராமத்தாராக வருவோர் பேசும் மொழி சிங்களமாக இருக்கிறது!

இதனைச் சிரித்து விட்டுவிடலாம். ஆனால் அரண்மனை விருந்துக் காட்சியைக் கண்டு சிரிக்க இயலவில்லை. அங்கே விருந்தினர்க்குப் படைக்கப்படுவன உயிருள்ள பாம்புக்குட்டிகளும், வண்டுகளும், விழிகள் மிதக்கும் சாறும், குரங்கின் மூளையும்! கோடிக்கணக்கான மக்கள் தாயென்று வணங்கும் காளியை நரபலி கேட்கும் கொடுந்தெய்வமாகவும் காட்டியுள்ளனர். அம்ரீஷ் பூரி மொட்டைத் தலையோடு மோலா ராமாகச் சிறப்புற நடித்திருக்கிறார். ஆயினும் நடிப்புத் திறமை, கதையின் குறையை மறைத்துவிடாது. இந்தியாவைக் கண்டறியாத ஒரு சிறுமி, வேறொரு நாட்டில் இருந்துகொண்டு இப்படத்தைப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? நம் மதம், பிறர் மதம் என்ற வேறுபாடின்றி, ஒருவர் புனிதமாகக் கருதுவதைப் பிறர் கேலிப்பொருள் ஆக்கலாகாது. பேழையையும் கிண்ணத்தையும் பயபக்தியோடு காட்டிய அதே கலைஞர்கள், நம் நாட்டு மக்களின் வழிபாட்டுக்கு அந்த மதிப்பைத் தரவில்லை என்பதே என் வருத்தம்.

இப்படத்தின் கொடுமைக் காட்சிகள் அமெரிக்கப் பெற்றோரையும் கலங்கச் செய்தன. அதன் விளைவாக, 13 வயதுக்கு உட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரச்சான்று 1984 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்தது. இதிலும் ஒரு நன்முத்து உண்டு. சிறுவன் ஷார்ட் ரவுண்டாக நடித்த கீ ஹ்யூ குவான், வியட்நாமிலிருந்து அகதியாக வந்த குழந்தை. வளர்ந்த பின் பல ஆண்டுகள் நல்ல வாய்ப்புகளின்றித் தவித்தார். 2023-இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். அன்றிரவு மேடையில் ஹாரிசன் ஃபோர்டு அவரை ஆரத் தழுவிக்கொண்டார்.

பெண் பாத்திரங்கள்

மாணவிகளாகிய நாம் இதனையும் கவனிக்க வேண்டும். முதற்படத்து மேரியன், துணிவுள்ளவள். பகைவரிடம் சிக்கினாலும் தப்பிக்கத் தானே வழி தேடுபவள். இரண்டாம் படத்து வில்லியோ பெரும்பாலும் அலறுவதையே செய்கிறாள். ஐந்தாம் படத்து ஹெலனா, கற்றவளும் சாதுரியம் மிக்கவளும் ஆவாள். எனினும் ஐந்து படங்களிலும் சவுக்கும் தொப்பியும் ஆணுக்கே உரியவை.

படங்கள் உணர்த்தும் பாடம்

ஐந்தையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. தேடிய பொருளை இறுதியில் எவரும் தம்முடையதாக வைத்துக்கொள்வதில்லை. பேழையைத் திறந்து அதன் ஆற்றலைக் கைப்பற்ற முயன்ற நாஜிகள் அழிகின்றனர். கண்களை மூடிக்கொண்ட ஜோன்சும் மேரியனும் பிழைக்கின்றனர். இரண்டாம் படத்தில் புனிதக் கல் கிராமத்தாருக்கே திரும்பச் சேர்கிறது. காணாமற்போன குழந்தைகளும் வீடு வந்து சேர்கின்றனர். மூன்றாம் படத்தில் பொன்னாலும் மணியாலும் ஆன கிண்ணங்களுக்கு நடுவே, தச்சர் ஒருவருக்கு ஏற்ற எளிய கிண்ணத்தையே ஜோன்ஸ் தேர்ந்தெடுக்கிறார். பாறைப் பிளவில் விழுந்த அக்கிண்ணத்தை எட்டிப் பிடிக்க முயன்ற எல்சா உயிரிழக்கிறாள். அதே ஆசையோடு கை நீட்டும் மகனை, அதை விட்டுவிடும்படி தந்தை மென்மையாக அழைக்கிறார். வாழ்நாள் முழுதும் அதனைத் தேடிய தந்தையே அவ்வாறு சொல்வதுதான் நெஞ்சைத் தொடுகிறது. பொருளைவிட மகன் பெரியவன் அல்லவா?

உண்மையான தொல்பொருள் ஆராய்ச்சிக்குச் சவுக்கும் துப்பாக்கியும் தேவையில்லை. சிறு கரண்டி, தூரிகை, சல்லடை, அளவுநாடா, குறிப்பேடு, பொறுமை ஆகியவையே அதன் கருவிகள். ஒரு பொருளை எடுப்பதைவிட, அது எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தது என்று எழுதி வைப்பதே முதன்மையானது. ஆராய்ச்சியின் பெரும்பகுதி நூலகத்தில் நடப்பது என்று மூன்றாம் படத்தில் ஜோன்சே தம் மாணவர்களுக்குக் கூறுகிறார். ஒரு நாட்டின் அரும்பொருள்களைத் திருட்டுத்தனமாக மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது. முதற்படத்தின் தொடக்கத்தில் பெருநாட்டுக் கோயிலின் பொற்சிலையை எடுத்துக்கொண்டு ஓடும் ஜோன்ஸை, இன்று நாம் வீரர் என்போமா? சிந்திக்க வேண்டிய வினா.

திரையுலகில் இத்தொடரின் இடம்

வீரச்செயல் படங்களுக்கு இத்தொடர் புத்துயிர் அளித்தது. ‘தி மம்மி’ (1999), ‘நேஷனல் டிரஷர்’ (2004) முதலிய படங்கள் இதன் வழியில் வந்தவையே. முதற்படத்தை 1999-இல் அமெரிக்க நாட்டுத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தனர். ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய ஐந்தாம் படம் வெளிவந்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு வயது 80. அது எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. ஆயினும் முதுமையையும் தனிமையையும் சுமந்த ஒரு வீரனைக் காட்டத் துணிந்ததைப் பாராட்டவே வேண்டும்.

முடிவுரை

நல்ல படம் எது? பார்க்கும்போது மகிழ்வூட்டி, பார்த்த பின் சிந்திக்க வைப்பதே நல்ல படம். இண்டியானா ஜோன்ஸ் படங்களில் மகிழ்வு மிகுதி, குறையும் உண்டு. குறை இருப்பதால் ஒதுக்கிவிடவும் வேண்டாம். புகழ் இருப்பதால் குறையைக் காணாதிருக்கவும் வேண்டாம். தோழியரே! அடுத்த முறை திரையில் அந்தத் தொப்பி தோன்றும்போது கைதட்டுங்கள். கூடவே, “இந்தப் பொருள் யாருக்கு உரியது? இந்த மக்களை உள்ளபடி காட்டியிருக்கிறார்களா?” என்னும் இரு வினாக்களையும் கேளுங்கள். அவ்வாறு கேட்கக் கற்றுக்கொண்டால், திரையரங்கும் நமக்கு ஒரு வகுப்பறையே!