என்ஜின் கூடும் ஜன்னல் சட்டமும்

அன்புள்ள கதிர்,

பைக் என்ஜினின் வெளிக்கூடும் அலுமினியம், வீட்டு ஜன்னல் சட்டமும் அலுமினியம். பிறகு ஏன் இரண்டையும் வேறு வேறு ஆலைகளில் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

என்ஜின் கூடு டை காஸ்டிங்கில் பிறப்பது. உருக்கிய அலுமினியத்தை இரண்டு பாதியாகப் பிரியும் எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் பாய்ச்சுவார்கள். கண் இமைக்கும் நேரத்தில் அச்சு நிரம்பிவிடும். போல்ட் மேடு, விலா, வளைவு எல்லாம் ஒரே ஷாட்டில் வந்துவிடும்.

ஜன்னல் சட்டம் எக்ஸ்ட்ரூஷன். இதில் உலோகம் உருகுவதே இல்லை. அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே பில்லட் எனும் அலுமினியத் தண்டை ஏறக்குறைய 450, 500 டிகிரிக்குச் சூடாக்கி, டையின் துளை வழியே தள்ளுகிறார்கள். நம் இடியாப்ப உரல்தான். இங்கிலாந்தின் ஜோசப் பிரமா 1797இலேயே ஈயக் குழாய் செய்ய இப்படியொரு முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நீளமாக எடுக்கலாம், ஆனால் எங்கே அறுத்தாலும் முகம் ஒன்றுதான்.

அப்படியானால் சிக்கலான வடிவத்துக்குக் காஸ்டிங், நீளத்துக்கு எக்ஸ்ட்ரூஷன் என்று முடித்துவிடாதே. பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே உலோகக் கலவையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாய வேண்டுமென்று காஸ்டிங் கலவையான ஏடிசி12இல் சிலிக்கானைப் 10 சதவீதம் அளவுக்குச் சேர்க்கிறார்கள். ஜன்னல் செக்‌ஷனுக்கான 6063 என்ற கலவையில் அது 1 சதவீதம்கூட இல்லை. இதனால் வெப்பம் கடத்துவதில் ஏடிசி12 பாதியளவுதான் தேறும்: மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 96 வாட்; 6063 கலவையோ 200ஐ ஒட்டி வரும். மின்னணுக் கருவிகளின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெரும்பாலும் எக்ஸ்ட்ரூஷனாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, காஸ்டிங்கில் உலோகம் பாயும் வேகத்தில் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தப் பொருளை வலுவேற்றுவதற்காக 500 டிகிரி பக்கம் சூடாக்கினால் மேற்பரப்பில் கொப்புளம் கிளம்பும். வெல்டிங்கிலும் அதே தொல்லை. 6063க்கு இந்தக் கவலை இல்லை; அனோடைஸிங் எனும் பாதுகாப்புப் படலமும் அதில்தான் அழகாக ஏறும்.

காசுக் கணக்கு சுருக்கமானது. எக்ஸ்ட்ரூஷன் டை துளையிட்ட எஃகு வட்டு, மலிவு. காஸ்டிங் அச்சு பல மடங்கு விலை. ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய எல்இடி விளக்கைக் கழற்றிப் பார். அதன் அலுமினியக் கூட்டின் உட்புறத்தில் சின்னச் சின்ன வட்டத் தடங்கள் இருந்தால் காஸ்டிங்; அச்சிலிருந்து அதை வெளியே தள்ளிய ஊசிகளின் அடையாளம் அது. நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடினால் எக்ஸ்ட்ரூஷன். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழற்று.

அன்புடன்,
மாமா