பெட்டியில் பட்டா, பதிவேட்டில் யார்?

நிலப்பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்தால் வீடு பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால், மலேசியாவின் தேசிய நிலச் சட்டப்படி, நில அலுவலகப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையாளரைத் தீர்மானிக்கிறது. பட்டா கையில் இருக்கும்போதே அப்பெயர் மாற்றப்படலாம்.

பினாங்கில் நிலம் வைத்திருந்த தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. 1980களின் இறுதியில், தாமே அவர் என்று கூறிக்கொண்ட ஒருவர், பட்டா தொலைந்துவிட்டதாகப் பொய்ப் பிரமாணம் செய்தார். மாற்றுப் பட்டா பெற்று நிலத்தை விற்றார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2000ஆம் ஆண்டில், மோசடியை அறியாமல் வாங்கிய நிறுவனத்திற்கே நிலம் உரியது எனத் தீர்ப்பானது.

2010இல், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறு என அறிவித்தது. அதனால், ஏமாற்றப்பட்ட உரிமையாளர் இன்று நிலத்தை மீட்க வழியுண்டு. எனினும், நல்லெண்ணத்துடன் விலைகொடுத்து வாங்கும் அடுத்தவருக்கு அது கைமாறிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

ஆகவே, மோசடியை விரைந்து கண்டறிவது அவசியம். உரிமையாளர்கள் நில அலுவலகத்தில் அவ்வப்போது அதிகாரப்பூர்வத் தேடல் செய்து பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். வீடு மாறினால் புதிய முகவரியை அங்கே தெரிவிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் செய்து, மேலும் கைமாறாதவாறு தடைக்குறிப்பு இடும்படி நிலப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம்.