நோய் எங்கிருந்து வருது? காஞ்சிபுரம் சொல்லித் தரும் பாடம்



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல நாலு பேர். ஒரே மெஸ் சாப்பாடு, ஒரே தண்ணி, ஒரே செமஸ்டர். ஆனா எக்ஸாம் நேரத்துல ஒருத்தனுக்கு மட்டும் வயித்து வலி வந்து படுத்துடுறான். ஏன்?

மத்த மூணு பேரையும் கேட்டுப் பாருங்க. ஒருத்தன் சொல்வான், "அவன் உடம்புவாகே அப்படி." இன்னொருத்தன், "அவன் எங்கடா காலைல சாப்பிடுறான்? ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கான்." மூணாவது ஆள், "பாவம்டா, வீட்ல கடன் பிரச்சினை. ஃபீஸ் கட்டல. அந்த டென்ஷன்."

மூணு பேர் சொன்னதும் சரிதான். அந்த மூணு பதிலுக்கும் மருத்துவ உலகத்தில் பெயர் இருக்கிறது: உயிரியல் காரணி, நடத்தைக் காரணி, சமூகக் காரணி. 1974இல் கனடாவின் சுகாதார அமைச்சர் மார்க் லலோந்த் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தை மருத்துவமனைகள் மட்டும் தீர்மானிப்பதில்லை; மனித உடலின் உயிரியல், சுற்றுச்சூழல், வாழ்க்கை முறை இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்றது அது. 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல், நோயாளியை உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்த ஒருவராகப் பார்க்கணும் என்று எழுதினார்.

நம்ம மொழியில் சொன்னால், ஒரு பீம் உடைஞ்சா மூணு விஷயம் பார்ப்போம் இல்லையா? மெட்டீரியல் என்ன, லோட் எவ்வளவு, சப்போர்ட் எப்படி இருந்தது. உடம்புக்கும் அதே கணக்கு. பிறப்பால் வந்தது மெட்டீரியல். தினமும் நாம் செய்வது லோட். நம்மைத் தாங்கியோ தாங்காமலோ சுற்றி இருக்கும் வாழ்க்கைதான் சப்போர்ட்.

இதைப் புரிஞ்சுக்க காஞ்சிபுரத்தைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. வாங்க, ரெண்டு பாடம் பார்ப்போம்.

பாடம் 1: காரப்பேட்டை மருத்துவமனைக்கு ஏன் அந்தப் பெயர்?

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பெயர் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. 1969இல் தொடங்கியது. பஸ்ல அந்தப் பக்கம் போகும்போது போர்டைப் பார்த்திருப்பீங்க. அண்ணா பேர்ல எவ்வளவோ இருக்கு, அதுல இதுவும் ஒண்ணுன்னு நினைச்சிருப்பீங்க. அப்படி இல்லை.

சி.என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15இல் இதே காஞ்சிபுரத்தில், ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1967இல் முதலமைச்சர் ஆனார். 1968இல் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிய வந்து, நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். வயது 59.

அவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. இங்கே கொஞ்சம் கவனமா இருக்கணும். ஒரு தனி மனிதருக்கு "இதனால்தான் வந்தது" என்று அடிச்சுச் சொல்ல அறிவியலால் முடியாது. ஆயிரம் பேர்ல எத்தனை பேருக்கு வாய்ப்பு கூடுது என்றுதான் சொல்ல முடியும். புகையிலை அந்த வாய்ப்பைப் பெரிய அளவில் கூட்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மெல்லும் புகையிலையை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், வைத்திருக்கிறது. 2004இல் வெளியான அதன் தொகுப்பில் வெறும் பாக்கும் அதே பிரிவுக்கு வந்துவிட்டது. "நான் புகையிலை போடல, பாக்கு மட்டும்தான்" என்று சொல்லும் பெரியப்பாக்களுக்கு இதைச் சொல்லுங்க.

மூணு காரணிகளையும் இங்கே வச்சுப் பாருங்க. வயது கூடக்கூட செல்கள் பழுதாகும் வாய்ப்பு கூடும், இது உயிரியல். புகையிலை நடத்தை. அப்போ சமூகம் எங்கே? வெற்றிலைத் தட்டு இல்லாம இங்கே கல்யாணம் உண்டா? வந்தவங்களுக்குத் தட்டு நீட்டலைன்னா மரியாதைக் குறைவு. ஒரு ஊரே மரியாதையா கையில் கொடுப்பதை ஒரு தனி மனிதனின் கெட்ட பழக்கம் என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொண்ணும் யோசிங்க. மாநிலத்தின் முதலமைச்சர். உலகத்தின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில் சிகிச்சை. அப்படியும் சில மாதங்கள்தான் கிடைத்தன. நோய் முற்றிய பிறகு வரும் மருத்துவத்துக்கு ஓர் எல்லை உண்டு. வாயில் ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, விழுங்கும்போது சிரமம், இதில் ஏதாவது ஒண்ணு இருந்தா காட்டிடணும். வலி இல்லைங்கிறதுக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

பாடம் 2: தறிக்குழி

இப்போ பிள்ளையார்பாளையம் பக்கம் வாங்க. என் தாத்தா அங்கே தறி நெய்தவர். அவர் போன பிறகு அவருடைய மாத்திரைச் சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில் கிடந்தது. பல வருஷத்துச் சீட்டுகள். பெயர், வயசு, சுகர் அளவு, பிரஷர் அளவு எல்லாம் இருக்கு. ஒரு சீட்டில்கூட 'நெசவாளர்' என்ற வார்த்தை இல்லை.

இதைப் படிக்கும்போது இத்தாலிய மருத்துவர் ராமசீனி ஞாபகம் வந்தார். 1700இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொண்ணையும் சேர்க்கச் சொன்னார்: "நீ என்ன வேலை செய்யறே?" முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்தக் கேள்வி இன்னும் மஞ்சப்பைக்கு வந்து சேரலை.

அந்த வேலை என்னன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். உடம்பு முன்னால் வளைஞ்சே இருக்கும். கண் மெல்லிய பட்டு இழை மேலேயே இருக்கும். கோர்வை போட்ட சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நிறம். மூணு நாடா வேணும், பக்கத்தில் இன்னொரு ஆளும் வேணும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தைகளும் அங்கே உட்கார்ந்தார்கள். வாங்கின அட்வான்ஸுக்காகக் குழந்தைகளைத் தறியில் விட்டதை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கையாகவே எழுதியது. அதில் காஞ்சிபுரமும் உண்டு.

இந்த நெசவாளருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று வச்சுக்குவோம். முதலில் உயிரியல். ஒரே எடை, ஒரே உயரம் உள்ள ஐரோப்பியரைவிட நம்ம உடம்பில், முக்கியமா வயிற்றைச் சுற்றி, கொழுப்பு அதிகம். அதனால்தான் பி.எம்.ஐ. 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது உலகக் கணக்கு. இந்தியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது.

அடுத்து நடத்தை. டாக்டர் நல்ல மனசோடதான் சொல்கிறார்: "தினமும் நடங்க. சாதத்தைக் குறைச்சு காய், பருப்பு சேர்த்துக்கோங்க. புகையிலையை விடுங்க. மாசாமாசம் செக்கப் வாங்க. டென்ஷன் ஆகாதீங்க."

இப்போ ஒவ்வொண்ணா சமூகக் கண்ணாடி போட்டுப் பார்ப்போம்.

நடக்கணும்: கூலி சேலைக் கணக்கு, மணிக் கணக்கு இல்லை. நடந்த நேரம் தறி நிக்கும்.

சாதத்தைக் குறைக்கணும்: ரேஷன் அரிசி இலவசம். அது பசியைப் போக்கியது பெரிய சாதனை, அதை மறுக்க முடியாது. ஆனா காயும் பருப்பும் கடையில் காசு கொடுத்துதான் வாங்கணும். கையில் காசு குறையும்போது தட்டில் எது கூடும் என்று சொல்லவே வேண்டாம்.

புகையிலையை விடணும்: நிகோடின் பசியை மந்தமாக்கும், தூக்கத்தைத் தள்ளும். எழுந்திருக்காம வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு கருவி மாதிரி ஆகிடுது.

செக்கப் வரணும்: வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு.

டென்ஷன் ஆகாதீங்க: அட்வான்ஸ் தீரலை. ஐப்பசி கார்த்திகை மழையில் குழியில் தண்ணி ஊறினால் தறியே நிக்கும். டென்ஷன் ஆகாம?

அறிவுரையில் தப்பே இல்லை. ஆனா அதைச் செய்யறதுக்கான விலையைச் சீட்டு எழுதினவர் கட்டலை, நெசவாளர்தான் கட்டணும். "சொன்னா கேக்க மாட்டேங்கிறார்" என்று வீட்டில் நாங்களும் தாத்தாவைத் திட்டியிருக்கோம். இப்போ நினைச்சா சங்கடமா இருக்கு.

ஏழ்மை மட்டும்தான் காரணமா?

இல்லை. லண்டனில் 1967இல் அரசு ஊழியர்களிடம் ஓர் ஆய்வு தொடங்கினார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். சுமார் 18,000 ஆண்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. நடுவில் ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்தும் கூடியது. சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகலை. தன் வேலையில் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் உடம்பைப் பாதிக்கிறது என்ற முடிவுக்கு அதைத் தொடர்ந்த ஆய்வுகள் வந்தன. அந்த ஆய்வுகளை நடத்திய மைக்கேல் மார்மட் தலைமையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் சமூகக் காரணிகள் பற்றிய பெரிய அறிக்கையைக் கொண்டுவந்தது.

அப்போ தனி மனிதப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீங்க. இருக்கு. லோடைக் குறைக்கிறது நம்ம கையில். ஆனா சப்போர்ட் ஆடிக்கிட்டு இருக்கும்போது லோடை மட்டும் குறைக்கச் சொல்வது அரைகுறை டிசைன்.

சப்போர்ட்டைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு உதாரணம் நம்ம மாநிலத்திலேயே இருக்கு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வரிசையில் நிற்கும் அந்த ஒரு நாள் கூலி மிச்சம். யாரையும் திட்டலை, தடையை எடுத்தாங்க. அவ்வளவுதான்.

நம்ம பங்கு என்ன? ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைத்தால் காலுக்கு வரும் பளு குறையும். குழியின் உயரம், உட்காரும் பலகை, இழை மேல் விழும் வெளிச்சம் எல்லாமே நாம் டிசைன் செய்யக்கூடியவை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க ஒருநாள் தறி வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்க. ஆனா ஒரு கேள்வியை மறக்காதீங்க: வேலை சுலபமாச்சுன்னு சொல்லி கூலியைக் குறைச்சா, ஒரு காரணியைச் சரிசெய்து இன்னொண்ணைக் கெடுத்தவர்கள் ஆவோம்.

கடைசியா ஒரு பயிற்சி. ஒரு பேப்பரில் மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்தில் உங்க குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது. இரண்டாவதில் உங்க தூக்கம், சாப்பாடு, உட்கார்ந்தே இருக்கும் நேரம், யாருக்கும் தெரியாம உதட்டுக்குள் வைக்கும் அந்தப் பாக்கெட் (தமிழ்நாட்டில் 2013லேயே தடை வந்தும் கல்லூரி வாசல் வரை வருகிற அதேதான்). மூன்றாவதில் நீங்க தேர்ந்தெடுக்காம உங்க மேல் விழுந்தவை: கடன், பிளேஸ்மென்ட் பயம், வீட்டு நிலைமை.

முதல் கட்டத்தை மாற்ற முடியாது, தெரிஞ்சு வச்சுக்கலாம். இரண்டாவதை இன்னைக்கே தொடலாம். மூன்றாவதைத் தனியா சுமக்காதீங்க, யார்கிட்டயாவது சொல்லுங்க.

அப்புறம் உங்க ரூம்மேட் அடுத்த தடவை வயித்து வலின்னு படுத்தா, "ஒழுங்கா சாப்பிடுடா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, "வீட்ல எல்லாம் எப்படி இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.